சத்தம் இல்லாத பாட்டு பீரியட்

கையெழுத்துப் போடல சார். மறந்து போய் விடல, வேணும்னேதான் போடல. அதைக் கேக்கத்தானே பல்கலைக்கழகத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. வெளிய ‘இசை அறை’ன்னு போர்டு பாத்துட்டு வந்திருப்பீங்க. உள்ள பாருங்க. பாதி ரூம் சத்துணவு முட்டை அட்டை, மீதி ரூம் விளையாட்டு சாமான். ஆர்மோனியம் அந்த வாலிபால் நெட்டுக்கு அடியில கெடக்கு. டீ சொல்லவா? வேண்டாமா? சரி.

பி.எட். ரெண்டாம் வருஷப் பிள்ளைகளைப் பதினாறு வாரம் ஸ்கூலுக்கு அனுப்புறீங்க. கூட இருந்து பாத்த டீச்சர் கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். எங்க ஸ்கூலுக்குப் பாட்டுக்குன்னு ஒருத்தி வந்தா, முத்துப்பேச்சி. அவளுக்கு நான் போடல. அவ்வளவுதானே விஷயம்? பேசுவோம். ஆனா அவ கதைக்கு முன்னாடி என் கதையை நீங்க கேக்கணும் சார். இருபத்து நாலு வருஷமா உங்க பல்கலைக்கழகத்துல இருந்து ஒருத்தர் வர மாட்டாரான்னு பாத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க, அதுவும் அவளுக்காக.

நானும் உங்க பல்கலைக்கழகம்தான். உங்க இசைத்துறை மாடியில ரேங்க் வாங்கினவங்க பேரெல்லாம் தங்க எழுத்துல எழுதி மாட்டியிருப்பாங்க. ஆறாவது வரி, சி. சண்முகவடிவு. நான்தான். எங்கப்பா தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கிறவரு. அவரு மக பட்டமளிப்பு விழாவுல கடவுள் வாழ்த்துப் பாடினா. அன்னைக்குத் துணைவேந்தரே எழுந்து நின்னாரு. கடவுள் வாழ்த்துக்கு எல்லாரும் நிக்கத்தான் செய்வாங்க, தெரியும். ஆனா பாட்டு முடிஞ்ச பிறகும் ஒரு நிமிஷம் நின்னாரு சார்.

பாட்டு முடிச்சிட்டு பி.எட். சேந்தேன். லோகநாயகி மேடம்தான் எங்களுக்குப் பாட்டுக் கற்பிக்கக் கற்பிச்சாங்க. எப்படிக் கற்பிச்சாங்கன்னு கேளுங்க. நாங்க பன்னெண்டு பேரு. ஒருத்தி டீச்சரா நிப்பா, மீதி பதினோரு பேரும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளா பெஞ்சுல உக்காரணும். பதினோரு பேரும் பத்து வருஷம் பாட்டுப் படிச்சவங்க சார்! நான் ‘ச’ன்னு ஆரம்பிச்சா பதினோரு ‘ச’வும் ஒரே நூலுல கோத்த மாதிரி வரும். அந்த ஏழாம் வகுப்புல யாருக்கும் ஒண்ணுக்கு வராது. யாரும் பக்கத்துப் பிள்ளை சடையைப் பெஞ்சுல கட்டமாட்டா. யாரும் ‘டீச்சர், இவ கிள்ளுறா’ன்னு அழமாட்டா. நாப்பது நிமிஷ வகுப்பை முப்பத்தி அஞ்சு நிமிஷத்துல முடிச்சேன். மேடம் கை தட்டினாங்க.

அப்பறம் லெசன் பிளான். பொது நோக்கம், சிறப்பு நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு. தலைப்புக்கு அடியில ஸ்கேல் வச்சி ரெண்டு கோடு. ஒரு கோடு போட்டா நோட்டு திரும்பி வந்துரும். நான் வீணை சார்ட்டு ஒண்ணு செஞ்சேன், குடத்துக்கு ஜிகினா பேப்பர் ஒட்டி, தந்திக்கு நிஜத் தந்தியே வச்சி. மூணு ராத்திரி உக்காந்து செஞ்சது. அது இன்னமும் உங்க துறையில மாட்டியிருக்குன்னு முத்துப்பேச்சி சொன்னா. பாத்திருக்கீங்களா? ஆங், அதேதான்.

ஸ்கூல்ல போய்ப் பயிற்சி எடுன்னு அப்ப நாப்பது நாள். போன இடத்துல எந்த டீச்சர் லீவோ அந்த வகுப்புல உக்கார வச்சாங்க. நாப்பது நாள்ல பாட்டு பீரியட் எனக்குக் கெடச்சது மூணு. லோகநாயகி மேடம் ரெண்டு தடவை பாக்க வந்தாங்க. முதல் தடவை ஹெச்.எம். ரூம்ல காபி குடிச்சிட்டு ரெக்கார்டு நோட்டை மட்டும் பாத்துட்டுப் போயிட்டாங்க. ரெண்டாந் தடவை வகுப்புக்குள்ள வந்து பத்து நிமிஷம் உக்காந்தாங்க. யாரோ பெரிய ஆபீசர் வந்துட்டாங்கன்னு பிள்ளைக மூச்சு விடாம உக்காந்திருந்திச்சி. ‘பிரமாதம்’னு எழுதிட்டுப் போனாங்க.

அவ்வளவுதான் சார். அதோட நான் டீச்சர்.

இந்த ஸ்கூல்ல முதல் நாள், புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச முதல் பீரியட், எட்டு பி. அறுபத்து மூணு பிள்ளைக. பாதிப் பிள்ளைக காலையில தீப்பெட்டி ஆபீஸ்ல வேலையைப் பாத்துட்டு வந்தது. அப்ப அப்படித்தான். நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போனேன். சுருதிப்பெட்டியை மேசை மேல வச்சி ஸ்விட்சைப் போட்டேன். கண்ணை மூடி ‘ச’ன்னு எடுத்தேன்.

“டீச்சர், பெட்டிக்குள்ள வண்டு இருக்கா?”

ஒரு பிள்ளை கேட்டுச்சி. வகுப்பே சிரிச்சிது. சிரிக்கட்டும்னு விட்டேன். அப்பறம் ஒரு மூலையில இருந்து ‘ஙொய்ய்ய்’னு ஒரு சத்தம். வாயைத் திறந்து கத்தினா யாருன்னு கண்டுபிடிச்சிரலாம். வாயை மூடிக்கிட்டு மூக்கால விட்டா எப்படிக் கண்டுபிடிக்க? பக்கத்துப் பெஞ்சுலயும் ஆரம்பிச்சிது, அதுக்கு அடுத்த பெஞ்சு, அதுக்கு அடுத்த பெஞ்சு. அறுபத்து மூணு வாயும் மூடியிருக்கு, வகுப்பு முழுக்க ‘ஙொய்ய்ய்’. அதுவும் எப்படி? பெட்டி எந்தச் சுருதியில கத்துதோ அதே சுருதியில. ஒரு பிள்ளைகூட மேலயோ கீழயோ போகல சார்! அவ்வளவு கச்சிதமா கேலி பண்ணிச்சிக. நான் என்ன செய்யணும்? பொது நோக்கத்துல இல்ல, சிறப்பு நோக்கத்துல இல்ல. பெட்டியை அமத்தினேன். சத்தம் நிக்கல. வெளிய போயி சயின்ஸ் லேப்ல பீரோவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன்.

அன்னையில இருந்து எனக்கு ‘ஙொய் டீச்சர்’னு பேரு. இருபத்து நாலு வருஷம். அந்தப் பிள்ளைகளோட பிள்ளைக இப்ப இங்க படிக்குது. அதுகளுக்கும் அந்தப் பேரு தெரியும். என் முன்னாடி சொல்லமாட்டாங்க, அது வேற.

ரெண்டு வாரம் தடுமாறினேன். லோகநாயகி மேடத்துக்கு ஒரு லெட்டர் போட்டேன், இந்த மாதிரி ஆகுது, என்ன செய்யணும் மேடம்னு. பதில் வரல. மூணாவது வாரம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். பாட்டே இல்ல. எல்லாரும் நோட்டை எடு. தேதி போடு. தலைப்பு, ‘இசையின் தோற்றம்’. நான் சொல்லச் சொல்ல எழுது. எழுதுற பிள்ளைக்கு ‘ஙொய்’னு சத்தம் விட நேரம் ஏது? ஒரே வாரத்துல வகுப்பு அடங்கிச்சி. ஹெச்.எம். அம்மா வராந்தாவுல நடந்து வந்தவங்க நின்னு எட்டிப் பாத்துட்டு, ‘ஸ்கூல்லயே உன் வகுப்புதான்டி அமைதியா இருக்கு’ன்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் எல்லா டீச்சருக்கும் என்னைத்தான் உதாரணம் காட்டினாங்க. இன்னைக்கு வரைக்கும் என் வகுப்புல ஒரு சத்தம் கேக்காது சார். யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கணக்கு டீச்சர் பக்கத்து ரூம்ல பரீட்சை வைக்கணும்னா என் பீரியட் பாத்துத்தான் வைப்பாங்க.

இது உங்க பல்கலைக்கழகம் சொல்லிக் குடுத்ததில்ல. நானா கத்துக்கிட்டது. நானா.

இப்ப முத்துப்பேச்சிக்கு வர்றேன்.

ஜூலையில வந்தா. பேரைப் பாருங்க, முத்துப்பேச்சி. பாட்டுப் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு பேரான்னு கேட்டேன், ‘குலசாமி பேரு மேடம், மாத்தினா அம்மா அடிப்பாங்க’ன்னு சிரிச்சா. ஒல்லிப் பிள்ளை, மூக்குல நிக்காத ஒரு கண்ணாடி. பாடச் சொன்னேன். சுமார் சார். மேல போகப் போகக் குரல் கிழியுது. ரேங்க்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது, செகண்ட் கிளாஸ். இவளை எப்படிச் சேத்தீங்கன்னே எனக்குப் புரியல.

வந்த அன்னைக்கே, ‘எந்த வகுப்பு எடுக்கட்டும் மேடம்?’னு கேட்டா. முதல்ல ஸ்கூல்னா என்னன்னு பாரும்மான்னு பஸ் பாஸ் லிஸ்ட்டைக் குடுத்தேன். அப்பறம் பிள்ளைக விவரத்தைக் கம்ப்யூட்டர்ல எமிஸ்ல ஏத்துற வேலை, சீருடை அளவு எடுக்கிற வேலை. நான் சொல்லுற நோட்ஸைப் போர்டுல எழுதச் சொன்னேன். கையெழுத்து நல்லாருந்திச்சி, இல்லேங்கல. ஒவ்வொரு திங்கக்கிழமையும் வந்து நிப்பா. ‘மேடம், ஒரே ஒரு பீரியட்.’ பாப்போம்பேன். ஆறு வாரம் அப்படியே போச்சி. நீங்க மூஞ்சியைச் சுளிக்காதீங்க சார். நான் தடுக்கல, காப்பாத்தினேன். எனக்கு முதல் நாள் ஆனது அவளுக்கு ஆகக் கூடாதுன்னுதான். அதை அவ புரிஞ்சிக்கல.

ஆகஸ்டு கடைசியில ஒரு நாள் கலைப் போட்டி லிஸ்ட் குடுக்க மாவட்டக் கல்வி ஆபீசுக்குப் போயிட்டேன். ஏழு சி-க்கு மத்தியானம் பாட்டு பீரியட். நோட்ஸ்ல பதிமூணாம் பக்கம் எழுதிப் போடும்மான்னு சொல்லிட்டுத்தான் போனேன். ஆபீசர் இல்லன்னு சீக்கிரம் வந்துட்டேன். மாடிப்படி ஏறும்போதே கேட்டுச்சி.

முதல்ல, டக்டக் டக்டக்குன்னு. தீப்பெட்டியில குச்சியை நிரப்பி மேசையில தட்டுவாங்கல்ல, அந்தச் சத்தம். இந்த ஊருல எல்லா வீட்டுலயும் கேக்கும். அது ஒரு வரிசைப் பிள்ளைக. அதுக்கு மேல ‘புஸ்ஸ்’னு ஒரு சத்தம், முனிசிபாலிட்டி குழாயில தண்ணிக்கு முன்னாடி காத்து வரும்ல, அது. அது ரெண்டாவது வரிசை. நடுவுல நடுவுல குக்கர் விசில். இவ குரல் கேக்குது, ‘வீட்டுல காலையில கேக்குற சத்தத்தைத்தானே கேட்டேன்? குக்கர் என்ன அவசரத்துல இருக்கு? பொறுத்து வாங்க, அரிசி வேகட்டும்.’ பிள்ளைக சிரிக்குது. ஆனா டக்டக் நிக்கல சார். சிரிச்சிக்கிட்டே அது பாட்டுக்குப் போகுது, தாளம் தப்பல.

அப்பறம் அவ நாலே நாலு சுரம் பாடினா. ச ரி ம ப. கிழியிற உசரத்துக்குப் போகவே இல்ல. கெட்டிக்காரி. ‘இதை வச்சி ஒரு வரி நீங்களே செய்யுங்க’ன்னா. ஒரு பிள்ளை ஏதோ பாடிச்சி. ‘இன்னொரு தடவை பாடு, எல்லாரும் கேளுங்க’ன்னா. அது மறுபடி பாடிச்சி. அப்பறம் எல்லாரும். ஐம்பத்தெட்டு பிள்ளைக, கீழ தீப்பெட்டி ஓடுது, மேல இந்த வரி போகுது. பெட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. சுருதி சேந்திருந்திச்சி சார்.

நான் ரெண்டு நிமிஷம் வெளிய நின்னேன். ரெண்டு நிமிஷம் இல்ல, ஒரு கால் மணி நேரம் இருக்கும். செருப்பைக் கழட்டிக் கையில வச்சிக்கிட்டு நின்னிருக்கேன். எதுக்குக் கழட்டினேன்னு தெரியல. மாட்டிக்கிட்டு உள்ள போனேன்.

நான் ஒரு வார்த்தை சொல்லல சார். சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. வாசல்ல நின்னேன், அவ்வளவுதான். முதல் வரிசை பாத்துச்சி, டக்குன்னு நின்னுச்சி. அப்பறம் எல்லாம் நின்னுச்சி. ஐம்பத்தெட்டு பிள்ளையும் யாரும் சொல்லாமலே பையில கையை விட்டு நோட்டை எடுத்து, பேனா மூடியைத் திறந்து, தலையைக் குனிஞ்சிக்கிச்சி. அந்த அளவுக்குப் பழக்கி வச்சிருக்கேன். முத்துப்பேச்சி மட்டும் சாக்பீஸ் இல்லாத கையைத் தொங்கவிட்டுட்டு நின்னா. அவளால அந்த மாதிரி அமைதி கொண்டு வர முடியுமா? முடியாது. அதை அன்னைக்கே அவ பாத்துக்கிட்டா.

அப்பறம் இந்த ரூம்லதான் கூப்பிட்டு உக்கார வச்சிக் கேட்டேன்.

“பதிமூணாம் பக்கம் எங்கம்மா?”

“எழுதிப் போடல மேடம். மன்னிச்சிருங்க. லெசன் பிளான் எழுதி வச்சித்தான் எடுத்தேன்.”

வாங்கிப் பாத்தேன். துணைக்கருவின்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல ‘ஐம்பத்தெட்டு ஜோடிக் கைகள்’னு எழுதியிருக்கா. துணைக்கருவின்னா சார்ட்டு வேணும், படம் வேணும், ஏதாவது ஒரு பொருள் வேணும். சிவப்பு மையில அடிச்சேன். தலைப்புக்கு அடியில ஒரே கோடு. அதையும் சுழிச்சேன்.

“யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு இதெல்லாம்? பல்கலைக்கழகத்துலயா?”

“இல்ல மேடம். எங்கம்மா பால்வாடி டீச்சர். நான் அங்கயேதான் வளந்தேன். காலையில நாப்பது பிள்ளைக ஒரே நேரத்துல அழும். அம்மா யாரையும் அழாதன்னு சொல்லமாட்டாங்க. எந்த அழுகை தாளமா இருக்கோ அதோட சேந்து கை தட்டுவாங்க. கொஞ்ச நேரத்துல அது பாட்டாயிரும்.”

“அப்ப பி.எட்.ல என்ன படிச்ச?”

“அங்க எங்களுக்குள்ளயே பாடம் எடுத்துக்கிட்டோம் மேடம். நான் ஏழாம் வகுப்புப் பிள்ளையா ஒம்பது தடவை உக்காந்திருக்கேன்.”

எனக்குச் சிரிப்பு வந்திருச்சி சார். நான் பி.எட். படிச்சி இருபத்தாறு வருஷம் ஆச்சி, ஒண்ணுமே மாறல பாருங்க. நானும் உக்காந்திருக்கேம்மான்னேன். ‘நீங்க நல்ல பிள்ளையா மேடம்?’னு கேட்டா. ரொம்ப நல்ல பிள்ளைன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். ஹெச்.எம். ரூம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த நேரத்துக்கு அவ மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அடுத்த வாரம் ஒரு பீரியட் குடுக்கலாம்னுகூட நினைச்சேன். நினைச்சேன் சார், பொய் சொல்லல.

ஆனா வெள்ளிக்கிழமை அவ டயரி வந்திச்சி.

நீங்கதானே எழுதச் சொல்றீங்க, பயிற்சிக்குப் போற பிள்ளைக தினமும் பாத்ததை, தோணினதை எழுதணும்னு? வாரா வாரம் நான் பாத்துக் கையெழுத்துப் போடணும். எல்லாப் பிள்ளைகளும் ‘இன்று வகுப்பு சிறப்பாக நடந்தது’ன்னு எழுதி வச்சிருக்கும், படிக்காமலே போட்டுக்கிட்டு வந்தேன். அன்னைக்கு ஏழு சி விஷயத்தை என்ன எழுதியிருக்கான்னு படிச்சேன். என்ன எழுதியிருந்தா தெரியுமா? இருங்க, வார்த்தைக்கு வார்த்தை எனக்கு மனப்பாடம். ‘பொறுப்பாசிரியை மாணவிகளைக் கண்டு பயப்படுகிறார்.’

நானா? இந்த ஸ்கூல்ல நான் நடந்து வந்தா பிள்ளைக சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்கும். நான் பயப்படுறேனா?

கூப்பிட்டுக் கேட்டேன். அவ பதறல சார். கண்ணாடியை மூக்குல ஏத்தி விட்டுக்கிட்டு, ‘அடுத்த வரியையும் படிங்க மேடம்’னா. படிச்சேன். ‘அவருக்குக் கற்றுக்கொடுக்க யாரும் வரவில்லை.’

முதல் வரியைக்கூடப் பொறுத்திருப்பேன். திமிருன்னு விட்டிருப்பேன். ரெண்டாவது வரி இருக்கு பாருங்க, அது இரக்கம். இருபத்து ரெண்டு வயசுப் பிள்ளை, குரல் கிழியிற பிள்ளை, செகண்ட் கிளாஸ், என் மேல இரக்கப்படுது. நான் அவகிட்ட கேட்டேனா? அதை அவ எழுதி, அது உங்க பல்கலைக்கழகத்துக்கு வந்து, யாரோ படிச்சி, சண்முகவடிவுக்கு யாரும் கத்துக் குடுக்கலையாம்னு... சொல்லுங்க சார், என் பேரு அங்க தங்க எழுத்துல இருக்கு.

அந்தப் பக்கத்தைக் கிழிச்சேன். ஆமா, கிழிச்சேன். அது அவ ரிப்போர்ட்ல இருக்கும், ‘டயரியில் ஒரு பக்கம் இல்லை’ன்னு. இருக்கா? இருக்கும்.

அதுக்கப்பறம் அவளை வகுப்புப் பக்கமே விடல. ஒம்பது வாரம். நூலகத்துப் புத்தகத்துக்கு நம்பர் ஒட்டினா, ஆயாம்மாகூட உக்காந்து முட்டை எண்ணினா. ஒரு நாள் ஏழு சி பிள்ளைக நாலஞ்சு பேரு என்கிட்ட வந்து, ‘பேச்சி டீச்சர் எப்ப வருவாங்க?’ன்னு கேட்டுச்சிக. பேச்சி டீச்சராம். வந்து ஒரு பீரியட் எடுத்தவளுக்குப் பேரோட சேத்து டீச்சர். எனக்கு இருபத்து நாலு வருஷம்...

சரி, அதை விடுங்க. நவம்பர்ல முடிஞ்சிது. ஃபாரத்தை நீட்டினா. போடமாட்டேன்னேன். அழுவான்னு பாத்தேன், அழல. காரணம் கேப்பான்னு பாத்தேன், கேக்கல. ‘ஏழு சி பிள்ளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டுமா மேடம்?’னா. பரீட்சை நேரம், தொந்தரவு பண்ணாதன்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டா.

என்ன சொல்றீங்க? ராஜபாளையத்துலயா? எந்த ஸ்கூல்? வேலைக்கு எடுத்திருந்தாங்களா அவளை? பட்டம் வராததால அந்த வேலை வேற ஆளுக்குப் போயிருச்சா?

இது எனக்குத் தெரியாது சார். யாரும் சொல்லல. அவளும் சொல்லல. சொல்லியிருக்கலாம்ல? மேடம், எனக்கு ஒரு வேலை காத்துக்கிட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? வாயைத் திறந்து கேக்கத் தெரியாத பிள்ளைக்கு நான் என்ன செய்ய முடியும்? இப்ப என்ன பண்ணுது? அம்மாகூட பால்வாடியிலயா? அங்க கை தட்டிக்கிட்டிருக்காளா? சரி. நல்லதுதான். அவளுக்குப் பிடிச்சது அதுதானே.

கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன்.

இன்னொண்ணு சொல்றேன், இது உங்க ரிப்போர்ட்ல வர வேண்டாம். ஜனவரியில, பொங்கல் லீவு முடிஞ்சி முதல் வாரம், ஏழு சி-க்குப் போனேன். சும்மா தோணிச்சி. தொண்டை சரியா இருக்கான்னு பாக்கலாமேன்னு. வேற காரணம் ஒண்ணும் இல்ல. நோட்டை எடுக்க வேண்டாம்னு சொன்னேன். பிள்ளைக ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துச்சிக. ‘அன்னைக்குச் செஞ்சீங்கல்ல, தீப்பெட்டிச் சத்தம், அதைச் செய்யுங்க’ன்னேன். ஒருத்தியும் அசையல. திட்டுறதுக்குக் கேக்குறேன்னு நினைச்சிருக்கும். ‘நாங்க ஒண்ணும் செய்யல டீச்சர்’னுச்சி ஒண்ணு. இல்லம்மா, செய்யுங்கன்னேன். கையைப் பெஞ்சுக்கு அடியில ஒளிச்சிக்கிச்சிக.

அப்ப நானே பாடினேன் சார். கண்ணை மூடல. ச ரி ம ப. அவ வச்ச அதே இடத்துல வச்சிப் பாடினேன். குரல் இன்னும் இருக்கு. நீங்க நம்பமாட்டீங்க, அப்படியே இருக்கு. ஒரு பிசிறு இல்ல. ரெண்டு தடவை பாடினேன். பாடிட்டு அவங்க பாடுறதுக்காக நின்னேன். கையைக்கூட இப்படி நீட்டினேன், எடுத்துக்கோங்கன்னு.

ஐம்பத்தெட்டு பிள்ளைக. ஒரு சத்தம் இல்ல.

முன் பெஞ்சுல ஒரு பிள்ளை, நல்ல பிள்ளை, எல்லாத்தையும் சரியா செய்யிற பிள்ளை, மெதுவா எழுந்து நின்னுச்சி.

“டீச்சர், தலைப்பு என்ன போடணும்?”

‘ஸ்வரங்கள்’னு சொன்னேன். தேதி போடுங்கன்னேன். எல்லாரும் நோட்டை எடுத்துக்கிச்சிக. மீதி முப்பது நிமிஷமும் சொல்லிக்கிட்டே இருந்தேன். எழுதிக்கிட்டே இருந்திச்சிக.

சரி, அந்த ஃபாரத்தைக் குடுங்க சார்.

பயப்படாதீங்க, கிழிக்கமாட்டேன். குடுங்க. பேனா இருக்கு. வருகை, சரி. நடத்தை, சரி. பாட அறிவு, இது நீங்களே போட்டுட்டீங்க. ஆங், இந்தா இருக்கு. ‘வகுப்பறையைக் கையாளும் திறன்.’ ஐந்துக்கு எத்தனை. இந்தக் கட்டம் அன்னைக்கும் இருந்திச்சி, ஒரு வார்த்தைகூட மாத்தல நீங்க. எத்தனை போட்டா பாஸு? ரெண்டா? ரெண்டு போதுமா?

ரெண்டே போடுறேன். போட்டுட்டேன், பாருங்க. கையெழுத்து, இந்தா. தேதி, முத்திரை ஹெச்.எம். ரூம்ல வாங்கிக்கோங்க. பட்டம் வந்துரும் அவளுக்கு. ரெண்டுன்னு யாரும் பாக்கப் போறதில்ல.

எனக்கு லோகநாயகி மேடம் அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க சார்.